அறுபத்திரண்டு போனும் நான் வச்ச ஓட்டெடுப்பும்

எனக்குக் கோவம் வந்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்னு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல சொல்லுவாக. பொய்யில்ல. பத்தொம்பது வருசமா பூக் கமிஷன் கடை வச்சிருக்கேன். சத்தம் போடாம மல்லி விக்க முடியாது. என் பேரு சோணையம்மாள். ஆனா நான் சொல்ல வந்தது என்னைப் பத்தி இல்ல. மார்க்கெட்டுக்கு எதுத்தாப்புல இருக்குற காம்ப்ளெக்ஸ்ல, ஆறடிக்கு எட்டடி கடையில செல்போன் வித்துக்கிட்டு ரிப்பேரும் பாக்குற அல் அமீனைப் பத்தி. அந்த ஆளு கடையைக் காலி பண்ணிட்டுப் போற அளவுக்கு நான் ஒரு வேலை பண்ணுனேன். அதைச் சொன்னாத்தான் அவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு உங்களுக்கு விளங்கும்.

அல் அமீனுக்கு முப்பத்தாறு வயசு. காஜிமார் தெருக்காரன். ஐடிஐ முடிச்சுட்டு ஏழு வருசம் சென்னையில ஒரு செல்போன் கடையில கூலிக்கு இருந்தான். கொரோனாவுல அந்தக் கடையை மூடிட்டாக. இருந்ததெல்லாம் திரட்டிக்கிட்டு வந்து இங்க கடை போட்டான். பாக்க ஒல்லியா, பேச்சு மெதுவா இருக்கும். நான் பேசுற வேகத்துக்கு அவன் பதில் வர்றதுக்குள்ள ஒரு கிலோ பூவை நிறுத்துக் கட்டிரலாம்.

மத்த செல்போன் கடைக்காரங்க மாதிரி அவன் பேச மாட்டான். "இந்த மாடல் எப்படிப்பா?"ன்னு கேட்டா சூப்பருன்னும் சொல்ல மாட்டான், குப்பைன்னும் சொல்ல மாட்டான். "நான் வித்தது நாப்பதுண்ணே. பேட்டரி உப்புனது ஒண்ணு. அது கார்ல வெயில்ல கெடந்தது" அப்படிம்பான். கேக்க வந்தவன் குழம்பிப் போயி பக்கத்துக் கடையில வாங்கிருவான். அதுக்கும் அவன் கவலைப்பட்டதில்ல. எங்க கடையில பூப்பெட்டி கட்டுற பால்பாண்டி அவனை லந்து பண்ணுவான். "ஏம் மாப்ள, உன் பொண்டாட்டி கோவக்காரியான்னு கேட்டா, இந்த மாசம் முப்பது நாள்ல எத்தனை நாளுன்னு கேப்ப போலயே?" அல் அமீன் சிரிச்சுக்கிட்டே, "ரெண்டு நாள், ரெண்டும் என் தப்பு"ன்னு சொன்னான்.

இன்னொரு பழக்கம் அவன்கிட்ட. போன் வித்தா, வாங்குனவுக பேரையும் நம்பரையும் ஒரு அட்டையில எழுதி ஒரு டப்பாவுல போட்டு வச்சுக்குவான். ஒரு மாசம் கழிச்சு அவனே கூப்பிடுவான். "அக்கா, போன் நல்லா இருக்கா? எதும் தொந்தரவு இருக்கா?" எனக்கு அப்படி வந்தப்ப, இன்னொரு போன் தலையில கட்டப் பாக்குறான்னு நெனச்சேன். நல்லா இருக்குப்பான்னு வச்சுட்டேன். அவன் அந்த அட்டையில டிக் போட்டுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கான். அம்புட்டுத்தான்.

போன வருசம் நீலப் பெட்டியில ஒரு போன் வந்துச்சு. பெரிய ஸ்கிரீன், சத்தம் நல்லா கேக்கும். எங்களுக்கு வேற என்ன வேணும். மார்க்கெட் இரைச்சல்ல விலை கேக்கணும், பூ போட்டோ அனுப்பணும். எட்டு மாசத்துல அந்த மாடல் மட்டும் அறுபத்திரண்டு போன் வித்தான். நானும் ஒண்ணு வாங்குனேன். வாங்குன ஆறாவது மாசம் ஒரு காலையில, முகூர்த்த நாளு, மல்லி விலை ஏறிக்கிட்டே போகுது, என் போன் ஸ்கிரீன்ல மேலயிருந்து கீழ வரைக்கும் பச்சையா ஒரு கோடு. ஒரு மணி நேரத்துல அது மூணு கோடாச்சு.

நான் நேரா அவன் கடைக்குப் போயி நாலு பேர் முன்னாடி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அவன், "குடுங்கக்கா, கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்"னான். "நீ கழட்டுனா வாரண்டி போயிரும், அதுக்குத்தான கேக்குற"ன்னு பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன். வந்த சூட்டோட எங்க பூ வியாபாரிக வாட்ஸ்அப் குரூப்புல ஒரு ஓட்டெடுப்பு வச்சேன். இருநூத்திச் சொச்சம் பேர் இருக்குற குரூப்பு. 'அல் அமீன் கடை நீலப் பெட்டி போன்ல கோடு வருதா?' அதுக்கு நான் குடுத்த பதில் ரெண்டு. 'ஆமா, வந்துருச்சு' ஒண்ணு. 'இன்னும் வரல, சீக்கிரம் வந்துரும்' ஒண்ணு. இப்ப நெனச்சா எனக்கே சிரிப்பு வருது. அன்னைக்கி அதுல தப்பு இருக்குறதே தெரியல.

சாயங்காலத்துக்குள்ள நாப்பத்தேழு பேர் ஓட்டுப் போட்டாக. நாப்பத்திநாலு ஆமா. பேஸ்புக்குல அந்த மாடல் வச்சிருக்கவுகளுக்குன்னே ஒரு குரூப்பு இருந்துச்சு. அங்கயும் எவனோ ஓட்டெடுப்பு வச்சிருந்தான். நாலாயிரம் பேர் போட்டதுல நூத்துக்கு எழுபத்தொண்ணு ஆமா. அதையும் படம் எடுத்து எங்க குரூப்புல போட்டேன். ஊரே சொல்லுது, உலகமே சொல்லுது, இதுக்கு மேல என்ன வேணும்னு கீழ எழுதுனேன்.

மறுநாள்ல இருந்து அவன் கடையில ஈ, காக்கா இல்ல. ரிப்பேருக்குக் குடுத்திருந்தவுக கூட திரும்ப வாங்கிட்டுப் போனாக. காம்ப்ளெக்ஸ் ஓனரு நாகசுப்பிரமணியன் அண்ணே. தல்லாகுளத்துல இருக்காரு, சௌராஷ்டிராக்காரரு, அதிர்ந்து பேசாத மனுசன். அவர் கடைகள்ல பாதி எங்க பூ ஆளுக வாடகைக்கு எடுத்ததுதான். அல் அமீனோட பதினோரு மாச ஒப்பந்தம் அந்த மாசத்தோட முடியுது. "இம்புட்டுப் பேர் புகார் சொன்னா நான் என்ன பண்ண? ஞாயித்துக்கிழமை மதியம் மூணு மணிக்கு எல்லாரும் வாங்க. கேட்டுட்டு முடிவு பண்றேன்"னு சொல்லிட்டாரு. அந்த எடத்துல டீக்கடை போட ஒருத்தர் தயாரா நின்னாரு.

அன்னைக்கி மத்தியானம் அல் அமீன் என் கடைக்கு வந்தான். சண்டைக்கு வாரான்னு நான் சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ரெடியா நின்னேன். அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அக்கா, ஓட்டுப் போட்ட நாப்பத்தேழு பேர் யார் யாருன்னு காட்டுவீகளா?"

"எதுக்கு? ஆள் வச்சு மிரட்டவா?"

"இல்லக்கா. அவுகளைக் கேக்கணும். நான் வித்த அறுபத்திரண்டு பேரையும் கேக்கணும்."

"அதான் நான் கேட்டாச்சே. பேஸ்புக்குல நாலாயிரம் பேர் சொல்றான். அவனுக எல்லாம் பொய் சொல்றானுகளா?"

"பொய் இல்லக்கா. ஆனா போன் நல்லா இருக்கவன் அந்தக் குரூப்புக்கு எதுக்கு வாரான்? கண்ணாஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு, எத்தனை பேருக்குக் கண்ணுல கோளாறுன்னு எண்ணுனா, மதுரையில முக்காவாசிப் பேருக்குப் பார்வை இல்லைன்னுதான் வரும்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா விட்டுக்குடுக்க மனசு வரல. "எடுத்துக்கய்யா, நாப்பத்திநாலு பேரு, நல்லா எண்ணிக்க"ன்னு போனை அவன் முன்னாடி நீட்டுனேன். கோடு மேல கோடா இருந்த அந்த ஸ்கிரீன்ல இருந்தே பொறுமையா ஒவ்வொரு பேரா எழுதிக்கிட்டுப் போனான்.

அதுக்கப்புறம் நாலு நாள் அவன் பட்ட பாடு இருக்கே. காலையில கடை. மத்தியானம் போன். அவன் பொண்டாட்டி ஆஷிகா பள்ளிக்கூடத்து டீச்சரு. அந்தப் புள்ளையும் சாயங்காலம் வந்து உக்காந்து பாதி நம்பருக்குப் பேசுச்சு. போன் எடுக்காதவுகளைத் தேடி வண்டியில போனான். கோச்சடையில ஒருத்தரு, வலையங்குளத்துல பூந்தோட்டக்காரரு ரெண்டு பேரு, சக்கிமங்கலத்துல ஒரு அம்மா. அந்த அம்மா நம்பரை மாத்திருச்சு. அக்கம் பக்கத்துல விசாரிச்சுக் கண்டுபிடிச்சிருக்கான். அறுபத்தொண்ணு கெடைச்சாப் போதாதான்னு பால்பாண்டி கேட்டதுக்கு, "விட்டுப்போன அந்த ஒருத்தருக்குத்தான் கோடு வந்திருந்தா?"ன்னானாம். வெயிலு கொளுத்துது. நான் என் கடையில உக்காந்துக்கிட்டு, போறதையும் வர்றதையும் பாத்துக்கிட்டே இருந்தேன். வையிறதுக்கு வாய் வரல. நெசமாச் சொல்றேன், அப்பவே அவன் மேல ஒரு மரியாதை வந்துருச்சு.

மூணாம் நாளு பால்பாண்டி வந்து சொன்னதைக் கேட்டு நான் பூவைக் கீழ போட்டுட்டேன். ஆமான்னு ஓட்டுப் போட்ட நாப்பத்திநாலு பேர்ல இருபத்திரண்டு பேர்கிட்ட அந்தப் போனே கெடையாது. "பெறகு என்னத்துக்குடா போட்டாக?"ன்னு கேட்டேன். "நீங்க வச்ச ஓட்டுல இல்லைன்னு போட எவனுக்குக்கா தைரியம் இருக்கு?"ன்னான் பால்பாண்டி. அவன்கிட்டயே பட்டன் போன்தான் இருக்கு. வீட்டுக்காரி போன்ல இருந்து ஆமா போட்டிருக்கான். இன்னும் பதிமூணு பேர்கிட்ட போன் இருக்கு, ஆனா கோடு இல்ல. கம்பெனி புதுசா மாத்திக் குடுத்தா நமக்கும் ஒண்ணு கெடைக்கட்டுமேன்னு அமுக்குனவுக அவுக.

நெசமாக் கோடு வந்தது ஒம்பது பேருக்கு. அறுபத்திரண்டுல ஒம்பது.

அதோட விட்டிருக்கலாம். அவன் விடல. அந்த ஒம்பது பேரும் ஏன் ஒம்பது பேருன்னு பாத்தான். ஒம்பது பேரும் மல்லியைப் பொட்டியில அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற ஆளுக. நாங்க மொட்டு மல்லியைத் தெர்மாகோல் பெட்டியில ஐஸ் வச்சு அடைப்போம். விமானத்துல போயி இறங்குற வரைக்கும் விரியாம இருக்கணும். விடிகாலையில இருந்து போன்ல பேசிக்கிட்டே இருந்தா போன் கொதிக்கும். கையில பிடிக்க முடியாது. அப்ப என்ன பண்ணுவோம்? பக்கத்துல இருக்குற ஐஸ் மேல போனை வச்சுருவோம். ரெண்டு நிமிசத்துல சில்லுன்னு ஆயிரும். இதெல்லாம் ஒரு விசயம்னு யாரும் யோசிச்சதே இல்ல. மல்லிப் பொட்டி அடைக்கிற ஒரு கடையில நின்னு பேசிக்கிட்டிருந்தப்ப, ஒருத்தரு போனை எடுத்து ஐஸ் மேல வைக்கிறதை அல் அமீன் கண்ணால பாத்துட்டான்.

ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளிய வேர்க்குற மாதிரி, சூடான போனுக்கு உள்ள வேர்த்துருதாம். உள்ள குட்டியா வெள்ளை ஸ்டிக்கர் ஒண்ணு இருக்காம், ஈரம் பட்டா செவப்பாயிருமாம். எட்டுப் பேரு போனைக் கழட்டிப் பாக்க விட்டாக. எட்டுலயும் செவப்பு. ஒம்பதாவது என்னோடது.

சனிக்கிழமை காலையில வந்து நின்னான். "அக்கா, நீங்க போனை ஐஸ் மேல வைக்கிறதுண்டா?"

தெனமும் வைப்பேன். முகூர்த்த நாள்ல நாலு தடவை வைப்பேன். ஆனா என்னைச் சுத்தி நாலு கடைக்காரங்க காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாக. ஆமான்னு சொன்னா, இம்புட்டு ஆட்டம் ஆடுனவ தன் போனைத் தானே கெடுத்தவளான்னு ஊரு சிரிக்கும். "எனக்கென்ன கிறுக்கா? நான் வச்சதே இல்ல"ன்னுட்டேன்.

"ஒரு தடவை கழட்டிப் பாக்கட்டுமா?"

"தொடக் கூடாது."

"சரிக்கா"ன்னு சொல்லி, என் அட்டையில 'ஐஸ்ல வைக்கலன்னு சொல்றாங்க, திறந்து பாக்கல'ன்னு எழுதுனான். எழுதுனதை என்கிட்டயே காட்டுனான். சரியா இருக்கான்னு கேட்டான். நான் தலையை ஆட்டுனேன். அந்த நிமிசம் இருக்கே, இப்ப நெனச்சாலும் ஒடம்பு கூசுது.

அன்னைக்கி மத்தியானம் ஆஷிகா என் கடைக்குப் பூ வாங்க வந்துச்சு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு. அல் அமீன் எப்படி இருக்கான்னு கேட்டேன். "தூங்க மாட்டேங்குறாக அக்கா. இந்தக் கடை போச்சுன்னா மறுபடியும் சென்னைக்கே கூலிக்குப் போகணும். நானும் புள்ளையும் இங்க இருக்கணும். பேரு கெட்ட பெறகு மதுரையில வேற கடை யாரு குடுப்பா"ன்னு சொல்லுச்சு. என்னைக் குத்திக் காட்டல. நான்தான் காரணம்னு அதுக்குத் தெரியாதா என்ன. சாதாரணமாச் சொல்லிட்டு, ரெண்டு மொழம் கூட வாங்கிக்கிட்டுப் போயிருச்சு.

எனக்கு இருப்புக் கொள்ளல. குரூப்புல எழுதுனேன்: 'நான் வச்ச ஓட்டு தப்பு. போன் நல்ல போன். யாரும் அல் அமீனைக் கொறை சொல்லாதீக.' கோடு வந்துச்சுன்னு போட்டப்ப நிமிசத்துக்கு நாலு பேர் பாஞ்சு வந்தாக. இதுக்கு மூணு மணி நேரத்துல ரெண்டு பேர் கும்புடு போட்டாக, அம்புட்டுத்தான். அதனால செருப்பை மாட்டிக்கிட்டு நானே கெளம்புனேன். கடை கடையாப் போனேன். "அந்தப் போன்ல பழுதே இல்ல, ஒண்ணுல கூட இல்ல, நாளைக்கி வந்து அப்படிச் சொல்லணும்"னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு சொன்னேன். என் ஐஸ் விசயத்தை மட்டும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

ஞாயித்துக்கிழமை காம்ப்ளெக்ஸ் மொட்டை மாடியில அம்பது அறுபது பேர் கூடிட்டாக. ஷாமியானா போட்டிருந்தாரு நாகசுப்பிரமணியன் அண்ணே. "யாருக்கு என்ன கொறை, சொல்லுங்க"ன்னாரு. யாரும் வாயைத் தெறக்கல. ரெண்டு பேரு, "போன் நல்லாத்தான் இருக்குண்ணே, நாங்கதான் ஐஸ்ல வச்சுட்டோம்"னு சொன்னாக. நான் ஊர் சுத்துனது வேலை செஞ்சிருச்சு. அண்ணே சிரிச்சுக்கிட்டே, "அப்ப போன்ல பழுதே இல்ல. விசயம் முடிஞ்சது. ஒப்பந்தம் போட்டுருவோமா"ன்னு எந்திரிக்கப் போனாரு.

அப்ப அல் அமீன் எந்திரிச்சான். கையில அந்த அட்டைக் கட்டு.

"ஐயா, பழுதே இல்லைன்னு சொல்ல முடியாது. அறுபத்திரண்டு போன் வித்தேன். ஒம்பதுல கோடு வந்துச்சு. எட்டு, ஐஸ் ஈரத்தால. பூ மார்க்கெட்டுல விக்கிறவன், ஐஸ்ல வைக்காதீகன்னு விக்கும்போதே சொல்லியிருக்கணும். நான் சொல்லல, எனக்குத் தெரியல. இன்னும் ஒண்ணு இருக்கு. அதை ஐஸ்ல வைக்கலன்னு சொல்றாக, நான் திறந்து பாக்கல. அது நான் வித்த போனோட பழுதுன்னுதான் எண்ணணும். அறுபத்திரண்டுல ஒண்ணு."

மாடியில முணுமுணுப்பு கெளம்பிருச்சு. பின்னாடி இருந்து ஒருத்தரு, "அப்ப நாளைக்கி என் போனும் சும்மா இருக்கும்போதே கெட்டுப் போகுமா?"ன்னு கேட்டாரு.

"போகாதுன்னு நான் சொல்ல முடியாதுண்ணே"ன்னான் அல் அமீன்.

ஓனரு மறுபடியும் உக்காந்துட்டாரு. முகம் மாறிருச்சு. "இப்படின்னா கொஞ்சம் யோசிக்கணும் போலயே தம்பி. நாளைக்கி நாலு பேரு சண்டைக்கு வந்தா என் காம்ப்ளெக்ஸ் பேருதான கெடும்." டீக்கடைக்காரரு நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்தாரு. ஆஷிகா படிக்கட்டுப் பக்கத்துல புள்ளையோட நிக்குது.

அந்த ஒண்ணு யாரோடதுன்னு அவன் சொல்லல. யாரும் கேக்கவும் இல்ல. நான் பேசாம உக்காந்திருந்தா என் மானம் கெட்டியா இருந்திருக்கும்.

எந்திரிச்சுட்டேன். "அண்ணே, அந்த ஒண்ணு என் போன். நான் தெனமும் ஐஸ்ல வைப்பேன். இல்லைன்னு அவன்கிட்டப் பொய் சொன்னேன். நாலு பேரு சிரிப்பாகன்னு சொன்னேன்." சொல்லிட்டு நடுவுல போயி போனை அவன் கையில வச்சேன். "கழட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

பையில இருந்து சின்னக் கருவிகளை எடுத்து அங்கயே உக்காந்து கழட்டுனான். ஸ்டிக்கர் செவந்து போயி இருந்துச்சு. நாகசுப்பிரமணியன் அண்ணே கண்ணாடியைப் போட்டுக் குனிஞ்சு பாத்தாரு. பெறகு சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்து, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு அவன்கிட்ட நீட்டுனாரு. "பதினோரு மாசம் இல்ல, மூணு வருசம்னு மாத்தி எழுதிக்க"ன்னாரு. சிரிச்சவுக சிரிச்சாக. என்னைப் பாத்துத்தான் சிரிச்சாக. பரவாயில்லைன்னு இருந்துச்சு.

கூட்டம் கலைஞ்ச பெறகு அவனைத் தனியா நிறுத்திக் கேட்டேன். "ஏய்யா, நான் பொய் சொல்றேன்னு உனக்குத் தெரியும்ல?"

"சந்தேகமா இருந்துச்சுக்கா. பொட்டி அடைக்கிற ஆளுல நீங்க ஒருத்தருதான் ஐஸ்ல வைக்கலன்னு சொன்னீக."

"பெறகு ஏன் அம்புட்டுப் பேர் முன்னாடி ஒண்ணுன்னு சொன்ன? கடை போயிருக்குமே. உன் புள்ளை பொண்டாட்டியை நெனச்சியா?"

அவன் அட்டைக் கட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டான். "நெனச்சேன்க்கா. ஆனா பாத்தது எட்டு போனைத்தான். உங்க போனை நான் திறக்கல. எனக்குச் சாதகமா இருக்குங்குறதுக்காக, நீங்க சொல்லாததை நீங்க சொன்னதா எழுதிக்கிட்டா, நீங்க வச்ச ஓட்டுக்கும் நான் நாலு நாள் அலைஞ்சதுக்கும் என்ன வித்தியாசம்?"

நான் அந்த மாடிப்படியிலயே உக்காந்து அழுதேன். ஆஷிகா வந்து என் பக்கத்துல உக்காந்துச்சு.